இலைக்கஞ்சிக்கு என் முறை

என்னை வெளிநாட்டில் கட்டிக்கொடுத்ததாக என் அம்மா மணப்பாறைப் பக்கத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். 'ஃபாரின் மாப்பிள்ளை' என்று சொல்லும்போது அவள் கழுத்து கொஞ்சம் நீளும். திருச்சியில் விமானம் ஏறி, அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைப் பிரித்துத் தின்று முடிப்பதற்குள் கொழும்பு வந்துவிட்டது. வெளிநாடு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஒரு பஸ், இன்னொரு பஸ், புளத்கொகுபிட்டியவில் இறங்கி ஒரு ஆட்டோ. ஆட்டோ ஏற மறுத்த மேட்டில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடை. மேலே போய்ப் பார்த்தால் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம், வரிசையாகக் கதவுகள், காற்றெல்லாம் ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயம் என்றார்கள். இதற்குத்தான் பாஸ்போர்ட் எடுத்தோமா என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வேறு யாரும் இல்லை, அத்தை மகன்தான். என் அப்பாவும் அத்தையும் இதே தோட்டத்தில் பிறந்தவர்கள். இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து ஆட்களை ஆட்டுக்குட்டி மாதிரிப் பங்கு பிரித்தபோது அப்பா இந்தியாவின் பங்கில் விழுந்தார். அதற்குள் கல்யாணமாகியிருந்த அத்தை இங்கேயே தங்கிவிட்டாள். ஊரில் அப்பாவை இன்று வரை 'சிலோன்காரன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சிலோன்காரனின் மகள் இங்கே வந்து இறங்கிய மறுநாளே 'இந்தியாக்காரி' ஆனேன். ஒரு தலைமுறையையாவது நிம்மதியாக ஓர் ஊர்க்காரராக இருக்க விடமாட்டார்கள் போலிருக்கிறது.

பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொல்கிறவர்களை நம்பவே கூடாது. அவர்கள் வேறு போக்கிடம் இல்லாமல் பழகியவர்கள். காலையில் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். மத்தியானம் சோறு, பருப்பு, நெத்தலிக் கருவாடு. இட்லிக்கு உளுந்து வாங்கி வந்தால் அத்தை அதை நகைக்கடைச் சரக்கு மாதிரி உற்றுப் பார்ப்பாள். தேநீரில் பால் கிடையாது, அதற்குச் 'சாயத்தண்ணி' என்று பெயர். ரப்பரோடு தேயிலையும் விளைகிற மலையிலேயே உட்கார்ந்துகொண்டு, நல்ல தூளையெல்லாம் கப்பலில் ஏற்றிவிட்டுக் கடைசித் தூளைக் கொதிக்கவைத்துக் குடிக்கிற ஜனங்கள். அதையும் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிப்பார்கள். எங்கள் ஊரில் மழை விருந்தாளி. வந்தால் வாசலில் நின்று பார்ப்போம். இங்கே அது வீட்டோடு மாப்பிள்ளை. எப்போதும் வீட்டில் இருக்கும், யாரும் மதிப்பதில்லை, ஆனாலும் கொடியில் போட்ட துணி அதனிடம் கேட்காமல் காயாது. புல்லில் கால் வைத்தால் அட்டை. வீடியோவில் பேசும்போது என் சித்தி, "அங்க கடல் தெரியுதாடி?" என்று கேட்டாள். "தெரியுது சித்தி, கால்லதான் ஏறிக்கிட்டிருக்கு" என்றேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை பேச்சு. நுவரெலியாப் பக்கம் மலைக்கு மலை தமிழ் ஆட்கள் என்கிறார்கள். இங்கே நாங்கள் ஒரு கைப்பிடி. லயத்தை விட்டு இறங்கினால் கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் சிங்களம். லயத்துக்குள்ளேயும் பாதி அதுதான். பக்கத்து வீட்டு அக்கா ஜெபம் பண்ணுவது தமிழில், மீன்காரனோடு சண்டை பிடிப்பது சிங்களத்தில். என் கணவர் பஜாரில் ஆட்டோ ஓட்டுகிறார், இங்கே அதைத் 'த்ரீவீல்' என்பார்கள். ஸ்டாண்டில் கூட நிற்கிற தமிழ்ப் பையன்களோடுகூடச் சிங்களத்தில்தான் சிரிப்பார். அப்பனைத் 'தாத்தா' என்று கூப்பிடுகிற மொழியில் அப்படி என்ன சிரிப்பு இருக்கிறதோ.

நான் அந்த மொழியைக் கற்றுக்கொண்டது நட்புக்காக அல்ல, சண்டைக்காக. பஜாரில் ஒரு கடைக்காரர் வாரா வாரம் அழுகின வெங்காயத்தை அடியில் போட்டு, நல்லதை மேலே வைத்துக் கட்டிக்கொடுப்பார். தமிழில் திட்டினால் சிரிப்பார். அதனால் அத்தையோடு உட்கார்ந்து டி.வி. நாடகங்களைப் பார்த்தேன். அவற்றில் யாராவது யாரையாவது திட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். ஒரு நாள் கடையில் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, "ஒயா பொரு கியனவா" என்றேன். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். நான் பேசிய முதல் முழுச் சிங்கள வாக்கியம் அது. அதற்குப் பிறகு எனக்கு நல்ல வெங்காயம் கிடைத்தது. மொழியால் நான் கண்ட பலன் அவ்வளவுதான்.

மகளுக்குப் பள்ளிக்கூட வயது வந்தபோதுதான் வீட்டுக்குள் உண்மையான சண்டை வந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. கணவரோ பஜாரில் இருக்கிற சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதென்று முடிவுகட்டிவிட்டார்.

"அங்க அஞ்சு வகுப்புக்கும் சேத்து ரெண்டு டீச்சர்மார். ஒருத்தங்க லீவு போட்டா மத்தவங்க பிள்ளைகள சத்தம் போடாம பாத்துக்கிறதோட சரி. அதுக்கா அனுப்பச் சொல்ற?"

"அதுக்காகத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமப் போகட்டுங்கிறீங்களா?"

"வீட்ல நீ சொல்லிக் குடு. நீ பி.காம். படிச்சவதானே. இங்க அத வச்சு என்ன பண்ண முடிஞ்சிச்சு? ஆஸ்பத்திரிக்குப் போனா நான் வரணும், பேங்க்குக்குப் போனா நான் வரணும். இவளுக்கும் அந்தக் கெதி வேணுமா?"

அத்தை அடுப்படியிலிருந்து, "அவன் சொல்றது சரிதாம்மா. சிங்களம் தெரிஞ்சா சாப்பாட்டுக்கு வழி" என்றாள். அத்தைக்கு ஆயுசு முழுக்கச் சிங்களம் தெரியும். அந்த வழி இந்த லயத்துக் கதவைத் தாண்டினதை நான் பார்க்கவில்லை. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். வந்த இடத்தில் மாமியாரோடும் பேச்சு இல்லாமல் போனால் அப்புறம் சுவரோடுதான் பேச வேண்டும்.

மகள் சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். போன முதல் மாதமே, காலையில் புறப்படும்போது முழங்காலிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தாள். டீச்சர் சொன்னார்களாம், எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் அப்படித்தானாம். எங்கள் ஊரில் தினசரி காலில் விழுவது கட்சிக்காரர்களின் தொழில். "எந்திரி, சட்டை அழுக்காவுது" என்பேன். அவள் எழுந்து, நான் வழியனுப்பக் காத்திராமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சிங்களத்தில் பேசிக்கொண்டே இறங்கிப் போவாள். சாயங்காலம் வீட்டுப்பாடத்தை விரித்தால் பக்கம் முழுக்கத் தேங்குழல் பிழிந்த மாதிரி எழுத்து. எனக்கு ஒன்றும் விளங்காது. "காட்டு பாப்போம்" என்று வாங்கிப் பார்ப்பேன். அவள், "அம்மா, தலைகீழா வச்சிருக்கீங்க" என்பாள். இரண்டாவது வருடம் அதைச் சொல்வதையும் விட்டுவிட்டு, நோட்டை நேராக அவள் அப்பாவிடம் கொண்டுபோனாள்.

எனக்குப் பயம் அங்கேதான் பிடித்தது. தமிழ் அழிந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களின் பயம் இல்லை. அந்தத் தமிழை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. என் பயம் சின்னது. அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம். இந்த நாட்டில் எனக்கென்று இருப்பது நான் பெற்ற ஒருத்திதான். அவளும் எனக்குத் தெரியாத பேச்சுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், நான் இங்கே யாராக இருப்பேன்? கணவரிடம் கேட்டேன். "நீ எல்லாத்தையும் பெருசு பண்ற" என்றார். ஆண்களுக்கு எதையும் சின்னதாக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்றைப் பிறக்கும்போதே கொடுத்துவிடுகிறார்கள்.

மூன்றாம் வகுப்பில் அவளுக்கு ஒரு சிநேகிதி வாய்த்தாள். பஜாரில் பார்மசி வைத்திருப்பவரின் பிள்ளை. இரட்டைப் பின்னல், வெள்ளை ரிப்பன், எந்நேரமும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். வீட்டில் சோறு போடும்போதும் அந்தப் பிள்ளையின் புராணம்தான். அந்தப் பிள்ளையின் அம்மா கார் ஓட்டுவாராம், கேக் செய்வாராம், போன வாரம் வகுப்புக்கு அவர் கொண்டுவந்த கஞ்சியை எல்லோரும் இரண்டாவது கோப்பை கேட்டார்களாம்.

கஞ்சி என்றால், அந்தப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குக் காலையில் இலைக்கஞ்சி கொடுப்பார்கள். சிங்களத்தில் 'கொளகெந்த'. அம்மாமார் முறை போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து காய்ச்சிக் கொண்டுபோக வேண்டும். அரிசி, தேங்காய்ப்பால், வல்லாரை மாதிரி ஏதாவது ஓர் இலையின் சாறு. கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டி. நாங்கள் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பதை இவர்கள் ஓடியாடுகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களே என்று நினைத்திருந்தேன். என் முறை வந்தபோது அப்படி நினைக்கவில்லை. மூன்று வருடமாகக் கணவர் மட்டுமே போய்வந்த இடத்துக்குள் நுழைய எனக்கு ஒரு பானை கிடைத்திருந்தது. பேசத் தெரியாவிட்டால் என்ன, சமைக்கத் தெரியும். அந்தப் பார்மசிக்காரி என்ன பெரிய கஞ்சி வைத்திருப்பாள், பார்த்துவிடலாம் என்று இருந்தேன்.

அதற்கு முந்தின நாள் மகள் என் பின்னாலேயே சுற்றினாள்.

"அம்மா, பச்சையா இருக்கணும்."

"கஞ்சின்னா வாசமா இருக்கணும். நிறத்தையா குடிப்பாங்க?"

"இல்லம்மா, பச்சையாத்தான் இருக்கணும். எல்லாரும் அப்பிடித்தான் கொண்டாருவாங்க."

"எல்லாருக்கும் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றேன்.

கணவர், "யாரையாச்சும் கேட்டுச் செய்" என்றார். கஞ்சி காய்ச்ச ஆளைக் கேட்பதா? நான் என்ன ராக்கெட்டா விடப்போகிறேன்?

கீரையை நன்றாக வேகவைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வயிற்றால் போகும் என்பது நான் பிறந்த ஊரின் சட்டம். அதனால் வல்லாரையை அரைத்து அரிசியோடு சேர்த்தே கொதிக்கவிட்டேன், நன்றாக, குழைய. இங்கே சாற்றைக் கடைசியில் ஊற்றி, பொங்கி வருவதற்குள் இறக்கிவிடுவார்களாம். அதனால்தான் அது பச்சையாக இருக்கிறதாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. இறக்கிய பிறகு அதோடு விட்டேனா? வெறும் கஞ்சி சப்பென்று இருக்குமே என்று சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், இடித்த மிளகு எல்லாம் நெய்யில் தாளித்துக் கொட்டினேன். லயம் முழுக்க மணத்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, ரசமா?" என்று கேட்டார். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். பானைக்குள் கஞ்சி, மழையில் ஊறிய சாக்கின் நிறத்தில் இருந்தது. மகள் எட்டிப் பார்த்து, மூடியைத் திரும்ப மூடினாள். காலில் விழுந்து கும்பிட்டாள், த்ரீவீலில் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் அப்பாவோடு ஒட்டிக்கொண்டாள்.

வகுப்பில் பிள்ளைகள் கோப்பையோடு வரிசையில் நின்றார்கள். டீச்சர் நல்ல பெண், சிரித்த முகம். மூடியைத் திறந்ததும் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் கொஞ்சம் பின்வாங்கியது. முதலில் குடித்த பையன் வாயைத் துடைத்துக்கொண்டு, "மேக பெஹெத்" என்றான். இது மருந்து என்கிறான், பொடிப் பயல். அடுத்த பிள்ளைக்கு மிளகு கடிபட்டது போலிருக்கிறது, குழாயடிக்கு ஓடியது. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஓடினார்கள், ஓடுவதற்கு ஒரு காரணம் கிடைத்த சந்தோஷத்தில். டீச்சர் ஒரு முழுக் கோப்பையை நின்றபடியே குடித்து முடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "ஹரி ரசய்" என்றார். ரொம்ப ருசியாம். அந்த மரியாதை எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. துப்பியிருந்தால் மறந்திருப்பேன்.

என் மகளின் முறை வந்தது. அவளாவது குடிப்பாள் என்று பார்த்தேன். வீட்டில் என் கை ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி உறிஞ்சுகிறவள்தான். அவள் தன் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்து, "எபா" என்றாள். வேண்டாம்.

மீதிக் கஞ்சியைப் பள்ளிக்கூடத்து வாழையடியில் ஊற்றச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தைக்கு ஒரு செம்பு எடுத்து வைத்திருந்தேன். குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, சளிக்கு" என்றாள்.

கணவருக்கு மத்தியானம் யட்டியாந்தோட்டைக்கு ஒரு ஹயர் சவாரி வந்துவிட்டதால் மகளைக் கூட்டிவர நானே போனேன். கழுவி வைத்திருந்த பானையை டீச்சர் கையில் கொடுத்தார். மழை வரும் வரும் என்று மிரட்டிக்கொண்டிருந்தது. மகளும் பார்மசிக்காரர் பிள்ளையும் கேட்டிலிருந்து கைகோத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நான் ஒரு கையில் பானையும் மறு கையில் குடையுமாகப் பின்னால் போனேன். என்னைக் கண்டதாகவே மகள் காட்டிக்கொள்ளவில்லை. காலையில் நடந்ததற்குக் கோபம், வீடு வருவதற்குள் தணியும் என்று நினைத்து இடைவெளி விட்டேன்.

அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏ கவுத?" என்று கேட்டது. அது யார் என்று. காலையில் காய்ச்சலோ என்னவோ, அது வகுப்புக்குப் பிந்தி வந்ததாம். என் கஞ்சிக்குத் தப்பிய ஒரே பிள்ளை.

"அபே கெதர இன்ன கெனெக்" என்றாள் என் மகள். "இந்தியாவெ இந்தலா ஆவே."

எங்கள் வீட்டில் இருக்கிற ஒரு ஆள். இந்தியாவிலிருந்து வந்தது.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் காதில் விழுகிற சிங்களமெல்லாம் ஒரு நிமிஷம் வாசலில் நின்று, தமிழாக மாறி, அப்புறம்தான் உள்ளே வரும். இது மட்டும் நிற்காமல் உள்ளே வந்துவிட்டது. இவ்வளவு நன்றாக அந்த மொழி எனக்கு அதற்கு முன்னால் புரிந்ததே இல்லை. முதலில் கோபம் வந்தது, வழக்கம்போல எல்லோர் மேலும். கணவர் மேல், அந்த டீச்சர் மேல், என் அம்மாவின் நீண்ட கழுத்தின் மேல். பிறகு வலித்தது. அவளைப் பெற்றபோதும் வலித்தது, ஆனால் அப்போது என் பேச்சுத் தெரியாத ஒரு நர்ஸாவது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஜார் ரோட்டில் பானையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவளின் கையை யார் பிடிப்பார்கள்?

அந்தப் பிள்ளை மரியாதை தெரிந்த பிள்ளை. நான் கிட்டே வரும் வரை நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டது. "ஆன்ட்டி ஆபஹு யன்னே கவதாத?"

திரும்ப எப்போது போகிறீர்கள் என்று. மகள் ரோட்டோரத்துச் சாக்கடைக் கானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"யன்னே நே" என்றேன். போகிறதில்லை. வெங்காயக் கடைக்காரரிடம் பேசின அதே குரல்தான் வந்தது, எனக்கு வேறு குரலில் அந்த மொழி தெரியாது. "மம மெயாகே அம்மா."

நான் இவளுடைய அம்மா. அந்தப் பிள்ளை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. "எத்தத?" என்று அவளிடம் கேட்டது. நிஜமா?

மகள் ஷூ நுனியால் ஒரு கல்லைக் கானுக்குள் தள்ளினாள். தூறல் விழ ஆரம்பித்தது. அதற்குள், அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்தேன். ஒன்றும் செய்வதற்கில்லை. பின்னாலேயே நடந்து வீட்டுக்குப் போய்ச் சோறு போட வேண்டியதுதான்.

"ம்" என்றாள்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் மன்னிப்பும் இல்லை, மண்ணும் இல்லை. முதுகிலிருந்த புத்தகப் பையைக் கழற்றி, கேட்காமல் கொள்ளாமல், என் கையில் திணித்தாள். பிறகு சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் இருக்கிற ஆள் பின்னே எதற்கு?